வரப்புக்கு இந்தப் பக்கம்

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே இருந்த அந்தத் திறந்தவெளிச் சிறைக்கு மூன்று பக்கம் வாய்க்கால், நாலாவது பக்கம் ஒரு வரப்பு. சுவர் கிடையாது, முள்கம்பி கிடையாது, கோபுரத்தில் துப்பாக்கியோடு ஆள் கிடையாது. புதிதாக வருகிற கைதிகள் வண்டியை விட்டு இறங்கியதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ‘ஜெயிலு எங்கங்கய்யா இருக்கு?’ என்று வார்டரிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ரெத்தினம் கேட்கவில்லை. கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்று, ஒன்பது வருடம் பெரிய சிறையில் நல்ல பெயரோடு கழித்துவிட்டு வந்தவன் அவன். நன்னிலம் பக்கத்துக்காரன். இறங்கியதும் அவன் கண் நேராக வரப்புக்குத்தான் போனது. நல்ல வரப்பு, கவனிப்பாரில்லாமல் புல் மண்டிக் கிடக்கிறது என்று நினைத்தான். கடைசியாக அவன் பார்த்த வரப்பில் அவனுடைய சித்தப்பா மகன் கலியமூர்த்தி குப்புறக் கிடந்தான்.

சிறைக் கண்காணிப்பாளர் ராஜசேகர் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாமி வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். முதல் நாளே ரெத்தினத்தை வரப்போரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

“இங்க பாரு. செங்கல்லும் சிமெண்டும் ஜெயில் இல்ல. இந்த இந்த சர்வே நம்பர்ல இருக்கிற நிலம் சிறைன்னு கவர்மெண்டு உத்தரவு போட்டிருக்கு. அதனாலதான் இது ஜெயில். கோர்ட்டு வாரண்ட் குடுத்திருக்கு, அதனாலதான் நீ கைதி. வாரண்ட் உன் பேர்ல இருக்கு, உத்தரவு இந்த மண்ணு மேல இருக்கு. ரெண்டும் சேர்ற எடத்துலதான் எனக்கு அதிகாரம். புரியுதா?”

“புரியுதுங்கய்யா.”

“புரியல. அந்த வரப்புக்கு அந்தாண்ட கால் வெச்சேன்னா, திரும்பி வாடான்னு நான் கூப்பிட மாட்டேன். ஓடிப்போயிட்டான்னு எழுதுவேன். அவ்வளவுதான். எழுதிட்டா இத்தனை வருஷ நல்ல பேரும் போச்சு, விடுதலையும் போச்சு, மேல ஒரு கேசு. அங்க ஒரு கல்லு தெரியுது பாரு, அதுதான் எல்லை.”

வரப்பின் நடு முதுகில் ஒரு சர்வே கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றது. சுவரென்றால் ஏறிக் குதிக்கத் தோன்றும், இடிக்கத் தோன்றும். ஒரு கல்லை என்ன செய்வது? ரெத்தினத்துக்குப் பெரிய சிறையின் இருபதடிச் சுவரைப் பார்த்தபோது வராத பயம் அந்தக் கல்லைப் பார்த்தபோது வந்தது.

அவனை வரப்பு வேலைக்கே போட்டார்கள். அவன் கையில் மண்வெட்டி நிற்கிற அழகைப் பார்த்துவிட்டு வார்டர் பஞ்சநாதன்தான் சிபாரிசு செய்தார். வரப்பு வெட்டுவது என்றால் வரப்பை அழிப்பது இல்லை. நடவுக்கு முன்னால் வரப்பில் நம் பக்கத்துச் சரிவைப் புல்லும் வேருமாகச் சீவி எடுத்துவிட்டு, நண்டு வளையும் எலி வளையும் அடைபடும்படி புதுச் சேற்றை வாரிப் பூச வேண்டும். சீவுகிற அளவுக்குப் பூச வேண்டும் என்பது நியாயம். பூசுவது இடுப்பொடிகிற வேலை. சீவுவது கைக்குச் சுகமான வேலை. ரெத்தினம் சீவுவதில் மன்னன்.

அந்தக் கை அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பண்ணையாளாக இருந்தவர். மிராசுதார் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று, ‘ஒட்ட வெட்டுடா, இன்னும் ஒட்ட வெட்டு’ என்பாராம். ஒட்ட வெட்டினால்தான் அன்றைக்குக் கூலி நெல்லை முழுசாக அளப்பார்கள். ஏன் அப்படி வெட்டச் சொல்கிறார் என்று கேட்கிற காலமா அது? பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு ஒரு மா நிலம் பட்டாவோடு கிடைத்தது. மிராசுதார் போனார், அவர் பழக்கிய கை போகவில்லை. வெட்டி முடித்த வரப்பு வாழைத்தண்டு போல வழவழவென்று நிற்க வேண்டும், அதுதான் அழகு என்று அப்பா ரெத்தினத்துக்குச் சொல்லிவைத்தார்.

அப்பாக்கள் இருவரும் தங்கள் நிலங்களுக்கு நடுவே பாதி உடைந்த ஆட்டுக்கல் ஒன்றை நட்டு, அதை வைத்து வரப்புப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் இருந்தவரைக்கும் ஒரு பேச்சு இல்லை. அவர்களுக்குப் பிறகு வரப்பு மெலிய ஆரம்பித்தது. நான் என் பக்கம் புல்லைத்தான் சீவுகிறேன், வரப்பு மெலிகிறது என்றால் அவன்தானே அந்தப் பக்கம் வெட்டுகிறான் என்று ரெத்தினம் கணக்குப் போட்டான். ஒரு வருடம் ஆட்டுக்கல்லே காணாமல் போயிற்று. பிடுங்கிவிட்டான் பங்காளி என்று தெருவெல்லாம் சொன்னான். கலியமூர்த்தி சண்டைக்கு வரவில்லை. சாயங்காலமானால் வரப்பில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் வரப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வைதான் ரெத்தினத்தை அரித்தது. ஒரு நாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது கலியமூர்த்தி மெல்லச் சிரித்து, “ரொம்ப சுத்தமா வெட்டுறண்ணே” என்றான். மண்வெட்டி மேலே போனது ரெத்தினத்துக்கு நினைவிருக்கிறது. கீழே வந்தது நினைவில்லை.

இதையெல்லாம் அவன் ஆற்றோடு விட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தான். மனைவி கண்ணாத்தாள் மாதம் ஒரு தடவை இரண்டு பஸ் மாறி அவனைப் பார்க்க வருவாள். அவளிடமும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டான். அவள்தான் ஒரு தடவை, அவன் மனது சமாதானமாகட்டும் என்று சொன்னாள்.

“அந்த வரப்பப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. நீங்க உள்ள போனதுலேர்ந்து அது இருந்த எடத்துலயே இருக்கு. ஒரு விரற்கடை நவுரல. நம்ம பக்கம் ஆள வெச்சுப் புல்ல மட்டும் அரிஞ்சுக்கிறோம். அவங்க பக்கம் கலியமூர்த்தி பையன் தமிழ்மாறன் பாத்துக்கிறான். ஒரு வம்பு தும்பு இல்ல.”

“அவன் போயிட்டான்ல, அதான் வம்பு இல்ல” என்றான் ரெத்தினம். கண்ணாத்தாள் பேச்சை மாற்றிவிட்டாள்.

சிறை நிலத்துக்கு வரப்பின் அந்தப் பக்கம் அப்துல் ஹமீது என்பவருடைய வயல். அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தாடி, ஒரு பழைய மொபெட். முதல் வருடம் பார்த்தால் தலையை ஆட்டுவார். இரண்டாம் வருடம் ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார். மூன்றாம் வருடம் சம்பாவுக்கு உழவு ஓட்டிய சமயம், சாயங்காலமானால் மொபெட்டை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்து நிற்க ஆரம்பித்தார். ஒன்றும் பேசுவதில்லை. வரப்பைப் பார்ப்பார். அப்புறம் ரெத்தினத்தின் கையைப் பார்ப்பார்.

முதல் நாள் ரெத்தினம் அதைச் சட்டை செய்யவில்லை. மறுநாள் அவனும் வரப்பைப் பார்த்தான். வரப்பும் மெலிந்துதான் இருந்தது. வந்த புதிதில் இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கிப் போகலாம், இப்போது ஒருவன் நடக்கவே தடுமாறினான். ஹமீதின் பக்கம் மட்டும் புதுச் சேறு ஈரமாகப் பூசியிருந்தது. வெட்டிவிட்டு வெட்டின தடம் தெரியாமல் பூசுகிறான் என்று ரெத்தினத்துக்கு உடனே விளங்கிவிட்டது. சர்வே கல்லையும் காணோம். வந்த அன்றைக்குக் கொக்கு நின்ற கல். கல்லையே பிடுங்கிவிட்டான்!

தெரிந்த கதை. எழுத்துக்கு எழுத்து அதே கதை. ரெத்தினத்தின் உடம்பு அதை அவனுக்கு முன்னால் தெரிந்துகொண்டது. ஹமீது வந்து நின்றால் அவன் தோள்பட்டை இறுகிற்று, மண்வெட்டிக் காம்பு கைக்குள் தானாகத் திரும்பிக்கொண்டது. அவனுக்கே தன்னைக் கண்டு பயம் வந்தது. சென்னைக்குப் போன முன்விடுதலைக் கோப்பு கையெழுத்தாகிற நிலையில் இருக்கிறது என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாம். மகள் பூவிழிக்கு மாப்பிள்ளை பார்க்கலாம். இதெல்லாம் ஒரு தடவை மண்வெட்டி மேலே போனால் முடிந்தது.

அவன் பஞ்சநாதனிடம் போய் நின்றான்.

“அய்யா, என்னைய வரப்பு வேலைலேர்ந்து மாத்திவிடுங்க. மாட்டுக் கொட்டாய்க்குப் போறேன். சமையலுக்குப் போறேன்.”

“ஏன்டா? உன்ன மாதிரி வரப்பு வெட்ட எவன் இருக்கான்? மேலேர்ந்து ஆய்வுக்கு வந்தவங்களே போட்டோ புடிச்சுக்கிட்டுப் போனாங்க.”

“அந்த பாய் வந்து நிக்கிறாருங்க.”

“நின்னா என்ன? அவரு நெலத்துல அவரு நிக்கிறாரு. உன் சாப்பாட்டையா புடுங்குறாரு?”

“எனக்குப் பயமா இருக்குங்கய்யா.”

பஞ்சநாதன் சிரித்துவிட்டார். கொலைக் கைதி ஒருவன் மொபெட்டில் வருகிற கிழவருக்குப் பயப்படுகிறான் என்பதை அன்றைக்குச் சாயங்காலம் தலை எண்ணும்போது எல்லோருக்கும் சொல்லியும் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். யாருக்காகப் பயப்படுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் ரெத்தினம் வரப்பிலிருந்து விலகி, வயலுக்குள் தள்ளி, தண்ணீர் வடிய ஒரு சின்னக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தான். ஹமீது நிற்கிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்தான். மண்வெட்டியை ஓங்கிப் போட்டபோது ணங் என்று கை அதிர்ந்தது. குனிந்து சேற்றுக்குள் துழாவினான். சதுரமாகக் கல். தலைப்பகுதி உடைந்து போயிருந்தது, டிராக்டர் சக்கரம் ஏறியிருக்கும். அடிப்பகுதி நட்டது நட்டபடி அசையாமல் இருந்தது. ஆட்டிப் பார்த்தான், பூமியோடு பிடித்திருந்தது.

அவன் நிமிர்ந்து வரப்பைப் பார்த்தான். வரப்பு ஒன்றரை முழம் தள்ளி அந்தப் பக்கம் இருந்தது.

கல் நகரவில்லை. அப்படியானால் நகர்ந்தது எது? இவன் சீவுகிறான், சீவின அளவுக்குப் பூசுவதில்லை. வரப்பு மெலிகிறது. மெலிந்தால் உடைப்பெடுக்கும் என்று ஹமீது தன் பக்கத்து மண்ணை எடுத்துத் தன் பக்கமே பூசுகிறார். அடுத்த நடவுக்கு இவன் மறுபடியும் சீவுகிறான். போகம் தவறாமல் வரப்பு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. ஒட்ட வெட்டுடா என்று மிராசுதார் எதற்குச் சொன்னார் என்பது இத்தனை காலம் கழித்து, ஒரு ஜெயில் வயலில், இடுப்பு வளைந்து நிற்கும்போது ரெத்தினத்துக்குப் புரிந்தது. குடை பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அப்பாவின் கையை வைத்து ஊரான் நிலத்தை விரற்கடை விரற்கடையாகத் தின்றிருக்கிறார். அப்பா அதை அழகு என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார்.

அதற்கு அடுத்த நினைப்பு வாசலுக்கு வந்து நின்றது. ரெத்தினம் அதை உள்ளே விடவில்லை. சேற்றை வாரிக் கல்லின்மேல் போட்டுக் காலால் மிதித்தான்.

அந்த வாரமே ஹமீது தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருப்பது தெரிந்தது. சர்வேயர் வருகிறார் என்றார்கள். அவர் வருவதற்கு முன்தினம் ராஜசேகர் ரெத்தினத்தைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் குரலில் சாமி வரவில்லை. மனிதர்தான் பேசினார், அது இன்னும் மோசமாக இருந்தது.

“ரெத்தினம், கல்லு உள்ள தள்ளி எங்கயாவது இருந்துச்சுன்னு வெய்யி. அப்ப கல்லுக்கும் வரப்புக்கும் நடுவுல இருக்கிறது சிறை இல்ல. இத்தனை நாளா நீ அங்க போயி வேலை செஞ்சிருக்க. நான் உன்ன அனுப்பியிருக்கேன். நீ தப்பிச்சுப் போனவன், நான் தப்பிக்க விட்டவன். உன் கோப்பு இன்னும் சென்னையிலதான் இருக்கு.” கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். “வரப்புதான் எல்லைன்னு நாம எல்லாருமே நெனச்சிருந்தோம். அப்படித்தானே?”

“அப்படித்தாங்கய்யா.”

சர்வேயர் வந்தார், சங்கிலியோடும் படத்தோடும். வாய்க்கால் ஓரத்துக் கற்கள் கரையைப் பலப்படுத்தியபோதே மண்ணுக்குள் போய்விட்டன. ஒரு கல்லாவது கிடைத்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு அளக்க முடியும் என்றார். ஜெயில் நிலத்தை அளந்து யாரிடமும் பெயர் வாங்கப்போவதில்லை என்பதும் அவர் முகத்தில் தெரிந்தது. வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் வேறு.

“இங்க யாரு வரப்பு வேலை பாக்குறது?” என்று கேட்டார்.

ரெத்தினம் முன்னால் வந்தான். கல் இருந்த இடம் அவனுக்குப் பின்னால் நாலு எட்டில் இருந்தது.

“கல்லு ஏதாவது பாத்தியாப்பா? மம்பட்டியில தட்டுச்சா?”

ராஜசேகர் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சநாதன் தொப்பியைச் சரிசெய்தார். ஹமீது மட்டும் ரெத்தினத்தின் முகத்தைப் பார்த்தார்.

“இல்லைங்கய்யா.”

அவ்வளவுதான். பிடிக்கக் கல் இல்லாததால் இப்போதிருக்கிற வரப்பே எல்லையாகக் கொள்ளலாம் என்று சர்வேயர் சொன்னார். ராஜசேகர் முகத்தில் ரத்தம் திரும்பியது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்த இடம் வரைக்கும் வேலி என்று சொன்னது. சர்வேயருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஹமீது வரப்பில் நின்றார். ரெத்தினத்தின் கையில் மண்வெட்டி இருந்தது. அவர் கோபப்படவில்லை, சாபம் விடவில்லை.

“தனியாளு வெட்டுனா தாசில்தார்கிட்ட போவலாம். சர்க்காரே வெட்டுனா எங்க தம்பி போறது?” என்றார். பிறகு அந்த வழவழப்பான சரிவைக் கையால் தடவிப் பார்த்தார். “ஆனா நீங்க ரொம்ப சுத்தமா வெட்டுறீங்க.”

ரெத்தினத்தின் கையிலிருந்து மண்வெட்டி நழுவி விழுந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த நினைப்பு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

கோப்பு கையெழுத்தாகி வந்தது. மார்கழிக் கடைசியில் அவனை விடுவித்தார்கள். ராஜசேகர் கையைக் குலுக்கினார்.

“இனிமே உன்ன ஒரு நிமிஷம் புடிச்சு வெக்கக்கூட எனக்கு அதிகாரம் கெடையாது. வாரண்ட் முடிஞ்சுது. சந்தோஷமாப் போ.”

சந்தோஷமாக இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. அவன் கண்ணுக்கு வரப்புகள்தான் தெரிந்தன. கண்ணாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து பூவிழிக்கு வந்திருக்கிற வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாகப்பட்டினத்தில் வேலையாம், நல்ல குடும்பமாம். அவன் ம் என்றான். ‘நீங்க உள்ள போனதுலேர்ந்து வரப்பு இருந்த எடத்துலயே இருக்கு.’ முன்பு அவள் ஆறுதலாகச் சொன்ன வார்த்தைதான். இப்போது அதுவே நெஞ்சில் ஏறி மிதித்தது.

அறுவடை முடிகிறவரை பொறுத்தான். ஊரில் பலர் வந்து பார்த்தார்கள், சிலர் வரவில்லை. கலியமூர்த்தியின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அந்தத் தெருப் பக்கம் அவன் போகவே இல்லை. அறுத்த வயல் காய்ந்து தாள் மட்டும் நின்ற ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கண்ணாத்தாள் வாசலில் நின்று அவன் கையைப் பார்த்தாள். வெயிலில் எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

வயலில் வரப்பிலிருந்து ஒரு முழம் தன் பக்கம் தள்ளித் தோண்ட ஆரம்பித்தான். இல்லை. இரண்டு முழம் தள்ளித் தோண்டினான், இல்லை. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றபோது ஒரு சின்ன உயிர் வந்தது. ஒருவேளை கலியமூர்த்தி நிஜமாகவே பிடுங்கியிருப்பானோ? பிடுங்கியிருக்க வேண்டுமே என்று, வாழ்க்கையில் எதையும் வேண்டாத அளவுக்கு வேண்டிக்கொண்டான். செத்தவன் திருடனாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டான் ஒரு மனிதன். இதற்கு எந்தச் சாமி காது கொடுக்கும்?

மண்வெட்டி ணங் என்றது.

உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினான். ஆட்டுக்கல்லின் குழி முதலில் தெரிந்தது, பிறகு உடைந்த விளிம்பு. அப்பாக்கள் நட்டது நட்டபடி, அவனுடைய வயலுக்குள், மூன்று முழம் உள்ளே. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வது போலக் குனிந்து கிடந்தான். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

நிமிர்ந்தபோது வரப்பில் ஆள் நின்றது. அப்பனை உரித்து வைத்த மாதிரி, அதே இடத்தில், அதே மாதிரி ஒன்றும் பேசாமல். தமிழ்மாறன். ரெத்தினம் சிறைக்குப் போகும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது தோளும் கையுமாக நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியவில்லை. அவன் கண் ஆட்டுக்கல்லில் இருந்தது.

“எங்கப்பா இதத்தான் தேடிக்கிட்டிருந்தாரா?”

ரெத்தினம் ஆமென்று தலையை ஆட்டினான்.

தமிழ்மாறன் வரப்பைவிட்டு இறங்கி வந்தான். மண்வெட்டி ரெத்தினத்தின் கைக்கு எட்டாமல், தமிழ்மாறன் காலடியில் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்துக் காம்பை உள்ளங்கையில் சரிசெய்துகொண்டான். ரெத்தினம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சுற்றுமுற்றும் ஆள் இல்லை. ஒரு வார்டர் இல்லை, ஒரு விசில் இல்லை. அவனைப் பிடித்து வைக்க இனி யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார்கள். காப்பாற்றவும் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. சரி, நடக்கட்டும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மையில் அவனுக்கு அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிடரியில் எதுவும் விழவில்லை. சரக், சரக் என்று மண் சரிகிற சத்தம் கேட்டது. தமிழ்மாறன் ஆட்டுக்கல்லின்மேல் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தான்.

“தம்பி, மூடாத” என்றான் ரெத்தினம். “ஊரக் கூட்டு. நானே சொல்றேன். உங்கப்பன் ஒரு பிடி மண்ணு எடுக்கலன்னு சொல்றேன்.”

“சொல்லி?” தமிழ்மாறன் நிறுத்தாமல் மண்ணைத் தள்ளினான். “எங்கம்மா நீங்க சொன்னத நம்புச்சு பெரியப்பா. கோர்ட்டுல நீங்க சொன்னத, ஊரு சொன்னத, எல்லாத்தையும் நம்புச்சு. ‘உங்கப்பன் அடுத்தவன் மண்ணுக்கு ஆசப்படாம இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான்’னு இத்தனை வருஷமா செத்தவரத் திட்டித் திட்டித்தான் அது பொழச்சுக் கெடக்கு. போட்டோவுக்கு ஒரு பூ வெச்சதில்ல. இப்ப போயி இந்தக் கல்லக் காமிச்சா அது தாங்குமா?”

அதுவரைக்கும் ரெத்தினம் ஒரு உயிரைத்தான் எடுத்தோம் என்று நினைத்திருந்தான். தண்டனையும் அந்த ஒன்றுக்குத்தான் கொடுத்தார்கள்.

தமிழ்மாறன் மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினான். மண்வெட்டியை ரெத்தினத்திடம் திருப்பிக் கொடுக்கவில்லை, தன் தோளில் வைத்துக்கொண்டான்.

“எங்கம்மா இருக்கிற வரைக்கும் கல்லு உள்ளயே கெடக்கட்டும். அது போனதுக்கப்புறம் நீங்களே தோண்டி எடுத்து, ஊரு முன்னால வெச்சு, உங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் எங்கயும் போவக்கூடாது. மக வீட்டுக்கு நாகப்பட்டினம் போறேன், திருப்பூர் போறேன்னு கெளம்பக்கூடாது. இந்த வரப்புல நீங்க கால் வெக்கக்கூடாது.”

“சரிப்பா.”

“எங்கம்மாவுக்கு அம்பது வயசுதான் ஆவுது. நல்லா இருக்கு.” அவன் திரும்பி நடந்தான். வரப்பில் ஏறி நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னான். “நடுவுல செத்துகித்துப் போயிறாதீங்க பெரியப்பா.”

வெயில் தாழ்ந்தது. அங்கே இந்நேரம் பஞ்சநாதன் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்துத் தலையை எண்ணிக்கொண்டிருப்பார். ரெத்தினம் தன் வயலின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். ரோட்டிலிருந்து கண்ணாத்தாள் கூப்பிட்டாள். அவன் வரப்புப் பக்கம் நடந்து, கால் வைக்கப் போய், வைக்காமல் திரும்பினான். வயலைச் சுற்றி, வடிகால் சேற்றில் முழங்கால் வரைக்கும் இறங்கி, மெல்ல மெல்ல ரோட்டுக்கு வந்தான்.

“ஏன் சேத்துல எறங்கி வர்றீங்க?” என்றாள் கண்ணாத்தாள். “வரப்பு மேலயே வந்திருக்கலாம்ல?”

அவன் வாய்க்காலில் காலைக் கழுவினான்.